மூன்றாவது தாள்

கோடு போடாத வெள்ளைத் தாள் ஒன்றை மேசையில் அக்காவின் பக்கமாகத் தள்ளி, "ஏதாவது ஒரு வரி எழுதுங்கம்மா. அதையே கீழ கீழ அஞ்சு தடவை எழுதணும்" என்றார் டாக்டர். அக்கா பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றிப் பின்னால் செருகி, பரீட்சைக்கு வந்தவளைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டாள். 'நான் தையல் கடை வைத்திருக்கிறேன்' என்று எழுதினாள். அதற்குக் கீழே மறுபடியும் அதையே. பக்கத்து நாற்காலியில் இருந்த தம்பி, முதல் வரி முடிவதற்குள் தன்னை அறியாமல் முன்னால் சாய்ந்துவிட்டான். இரண்டாவது வரி முதல் வரியைவிடச் சின்னதாக இருந்தது. மூன்றாவது அதில் பாதி. ஐந்தாவது வரியை எழுதி முடித்து அக்கா பேனாவை வைத்தபோது, தாளின் அடியில் எறும்பு ஊர்ந்து போனதுபோல ஏதோ இருந்தது. "போதுமா டாக்டர்?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

அவனுக்குப் பட்டது. எழுத்தைப் பார்ப்பதுதானே அவன் பிழைப்பு? கணினிக்கு எழுத்துரு வரைகிறவன். ஒரு சுழி அரை மயிரிழை தடித்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான் என்று தொழிலில் பெயர் எடுத்தவன். சின்ன வயதில் எதைப் பார்த்தாலும் விழி பிதுங்கப் பார்ப்பான் என்பதால் அக்கா வைத்த பெயர் முட்டைக்கண்ணன். நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிறான், இன்னும் அந்தப் பெயர் போகவில்லை. அந்த முட்டைக்கண் இப்போது மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டது. அந்த எழுத்தை அவன் இதற்கு முன்பே பார்த்திருக்கிறான்.

டாக்டர் அக்காவைக் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தொட்டுத் தொட்டு எடுக்கச் சொன்னார். அறைக்குள் நடக்கவிட்டுப் பார்த்தார். வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் நோயின் பெயரைச் சொன்னார். நடுக்குவாதம். மாத்திரை உண்டு, பயிற்சி உண்டு, பயப்பட வேண்டாம், ஆனால் கூடவே இருக்கும் என்றார்.

"எழுத்து எப்போலருந்தும்மா இப்படிச் சின்னதாகுது?"

"தெரியலையே டாக்டர். நான் எங்க எழுதறேன்? துணியில சாக்பீஸால நம்பர் போடறதோட சரி."

"பழைய எழுத்து ஏதாவது இருந்தா அடுத்த தடவை கொண்டு வாங்க. எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா, எவ்வளவு வேகமாப் போகுதுன்னு எனக்கு ஒரு அளவு கிடைக்கும். அதுக்குத் தகுந்த மாதிரி மருந்தைப் பாத்துக்கலாம்."

அக்காவின் முகம் மலர்ந்தது. கேட்டது கையில் இருக்கிறது என்றால் யாருக்கும் ஒரு சந்தோஷம்தான். "ஏன் இல்லாம? என் எழுத்து இவன்கிட்ட மூட்டையா இருக்கே! டேய், என்னை உக்கார வெச்சு எழுதி வாங்கினியே, அந்தத் தாளெல்லாம் எங்க வெச்சிருக்க?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுத் தூக்கிப் போட்டாச்சுக்கா" என்றான் தம்பி. சொல்லி முடித்த பிறகுதான் பொய் சொன்னது அவனுக்கே தெரிந்தது.

அக்கா வெளியே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, மருந்துச் சீட்டை வாங்குவதுபோல அவன் பின்தங்கி நின்றான். "டாக்டர், ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருந்தா?" டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "நோயை யாராலயும் நிறுத்தியிருக்க முடியாது. ஆனா மருந்து ஆரம்பிச்சிருந்தா, இந்த ரெண்டு வருஷம் அவங்க கையோட இவ்வளவு மல்லுக்கட்டியிருக்க வேண்டாம்" என்றார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

வெளியே போகிற வழியில் குழந்தைகள் பிரிவு இருந்தது. அதன் கண்ணாடிக் கதவில் மஞ்சள் தாளில் ஒரு அறிவிப்பு: 'இங்கே ஓடக்கூடாது, நாங்கள் குட்டித் தூக்கம் போடுகிறோம்.' குண்டும் ஒல்லியுமாக எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குதித்தன. அக்கா அதன் முன்னால் நின்றுவிட்டாள். "பாருடா, இங்கயும் வந்துட்டேன்!" இப்போது கேட்ட செய்தியெல்லாம் ஒரு நிமிடம் எங்கேயோ போய்விட்டது அவளுக்கு. பழச்சாறுக் கடையில், பலூன் பாக்கெட்டில், மழலையர் பள்ளி வேனில், எங்கே தன் எழுத்தைப் பார்த்தாலும் இப்படித்தான் நிற்பாள். பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம்கூட "என் கையெழுத்துங்க இது" என்று சொல்லிவிடுவாள். தம்பிக்கு அந்த எழுத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "ஆட்டோ நிக்குதுக்கா, வா" என்று இழுத்துக்கொண்டு போனான்.

அக்காவின் கையெழுத்தில் இருந்து செய்த அந்த எழுத்துருவுக்கு அவன் வைத்த பெயர் 'துள்ளல்'. வாழ்த்து அட்டை, கடைப் பலகை, குழந்தைகளின் புத்தகம், விளையாட்டாகச் செய்யும் எந்த வேலைக்கும் ஏற்ற குறும்பான கையெழுத்து என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தான். அதற்கு முன் ஏழெட்டு எழுத்துரு செய்திருக்கிறான். எல்லாம் இஸ்திரி போட்ட சட்டைபோல விறைப்பானவை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் மாடியில் இருந்து சாப்பாட்டுக்குக் கீழே அக்காவின் கடைக்கு இறங்கி வந்தவன், தைத்து முடித்த துணிகளில் அக்கா குத்தி வைத்திருந்த துண்டுச் சீட்டுகளைப் பார்த்தான். 'இடுப்பு பிடிக்கணும்', 'கை நீளம், சொன்னால் கேட்கமாட்டார்', 'அவசரக்காரி'. அந்த எழுத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. மூடியிருக்க வேண்டிய சுழியெல்லாம் வாயைத் திறந்துகொண்டிருந்தது, கொம்பெல்லாம் காது குடைவதுபோல வளைந்திருந்தது. அன்று சாயங்காலமே அவளை உட்கார வைத்துவிட்டான்.

கையால் எழுதியதுபோல இருக்க வேண்டும் என்றால் ஒரே எழுத்து பக்கத்தில் பக்கத்தில் வரும்போது அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கக்கூடாது. அதனால் ஒவ்வொன்றிலும் மூன்று வேண்டும். உயிர், மெய், கால், கொம்பு, எண் என்று நூற்றைம்பதுக்கு மேல் உருவங்கள், பெரிய தாளில், மூன்று முறை. கட்டம் போட்டுக் கொடுத்தால் கை அடங்கி ஒடுங்கிவிடும் என்று வேண்டுமென்றே கோடில்லாத தாளாகக் கொடுத்தான். முதல் இரண்டு தாளை அக்கா ஒரே வாரத்தில் முடித்தாள். அப்புறம் தையல் வேலை கழுத்தை நெரித்தது. மூன்றாவது தாள் ஆறு மாதம் கழித்துத்தான் வந்தது, இப்போதைக்கு இரண்டு வருடம் முன்னால்.

எழுதி வாங்கியதை அவன் கணினியில் ஏற்றி, எல்லா எழுத்தையும் ஒரே உயரத்துக்கு இழுத்து நிறுத்தினான். அந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற முதல் வேலை அது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரு கட்டளை கொடுத்தால் போதும், கண் சிமிட்டுவதற்குள் வரிசை கட்டி நிற்கும். சின்ன எழுத்தைப் பெரிதாக இழுத்தால் அதன் கோடும் சேர்ந்து தடிக்கும். முதல் தாளில் இருந்து வந்தவை ஒல்லியாகவும் மூன்றாவது தாளில் இருந்து வந்தவை குண்டாகவும் நின்றன. மூன்றும் கலந்து வந்தபோது எழுத்துகள் துள்ளின. அவன் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினான். சின்ன எழுத்துகளின் ஓரத்தில் இருந்த நடுக்கம் பெரிதாக்கியதும் அழகாகத் தெரிந்தது. அதை இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். வாங்கியவர்கள் எல்லாரும் அந்த நடுக்கத்தைத்தான் மெச்சினார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்து அக்கா படுத்ததும், நடுப்பகலில் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தாள்கள் இடதுபக்க அலமாரியில், அவன் வைத்த இடத்திலேயே பத்திரமாக இருந்தன. எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை அவன். தேதி வேறு மூலையில் குறித்திருந்தான். மூன்றையும் தரையில் விரித்தான். முதல் தாளில் கடைசி நான்கு வரி மட்டும் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. இரண்டாவதில் பாதிக்குக் கீழே. மூன்றாவதில் முதல் வரியில் இருந்தே. கண்ணாடி போடாத ஆளுக்குக்கூடத் தெரியும். அதைக் கையில் வாங்கிய அன்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது: "என்னக்கா, தாளை மிச்சம் புடிக்கிறியா?" சொல்லிவிட்டுத் தானே சிரித்தும் இருந்தான். அவள் ஏதோ பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இந்த இரண்டு வருடத்தில் கீழே நடந்ததெல்லாம் அவனுக்குத் தெரியும். அக்கா முதலில் கையால் போடும் பொத்தான் காஜாவை வெளியில் கொடுக்க ஆரம்பித்தாள். "கண்ணு தெரியல" என்றாள். அவன்தான் கடைக்குக் கூட்டிப் போய்க் கண்ணாடி மாற்றினான். எட்டு மாதத்தில் மறுபடியும் மாற்றினான். இருபது வருடமாக அவளிடமே தைத்த ஒரு பெரியவரின் கோட்டில் கத்தரிக்கோல் நழுவி மார்புப் பக்கம் கிழிந்தது. அவர் வாசலில் நின்று, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி பேசிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கோட்டு வேலையையே அவள் தொடவில்லை. தலையணை உறையும் திரைச்சீலையும் தைத்தாள். "இது கையா, களிமண்ணா?" என்று தன் கையைத் தானே அறைந்துகொண்டதை அவன் மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறான். கவனம் போதவில்லை, வயசாகிறது என்று நினைத்துக்கொண்டான். ஒருநாள் அதைச் சொல்லியும் விட்டான்.

அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கைபேசி அடித்தது. எழுத்துருக்களை விற்றுத் தருகிற ஆள். "சார், துள்ளலுக்கு இன்னொரு பாகம் கேக்கறாங்க. பொம்மைக் கம்பெனி ஒண்ணு மொத்தமா எடுத்துக்கறேங்குது. அதே கை வேணுமாம். இன்னும் கொஞ்சம் நடுங்கற மாதிரி இருந்தா நல்லதுன்னாங்க. அதுலதான் சார் குழந்தைத்தனமே இருக்கு." தம்பி இணைப்பைத் துண்டித்தான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று வாரம் இருந்தது. முதல் வாரம் அவன் தனக்குத்தானே ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டான். சொல்லி என்ன ஆகப்போகிறது? நோயை நிறுத்த முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டாரே. அவளுக்கு மிச்சம் இருக்கிற ஒரே சந்தோஷம் பழச்சாறுக் கடைப் பலகைதான், அதையும் பிடுங்க வேண்டுமா? கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் தன்னைத்தான் காப்பாற்றப் பார்க்கிறான் என்பது அவனுக்கே தெரிந்திருந்தது. அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு, படிக்க வைத்து, தனக்கென்று ஒரு வாழ்க்கையைத் தேடிக்கொள்ளாமல் நின்றவள் முகத்தை இதைச் சொன்ன பிறகு எப்படிப் பார்ப்பது? அந்தப் பயம்தான். இரண்டாவது வாரம் சாப்பிடும்போது அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், "அந்தத் தாளு இருந்திருந்தா டாக்டருக்கு உபயோகமா இருந்திருக்கும். பரவால்ல விடு, நீ என்ன கனவா கண்ட?" அவன் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான்.

மூன்றாவது வாரம், ஒரு காலையில், சுருட்டிய தாள்களை எடுத்துக்கொண்டு கடைக்குள் இறங்கி வந்தான். அக்கா திரைச்சீலைக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை தொடங்கிய பிறகு கை கொஞ்சம் இளகியிருந்தது. மிஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, தாளைத் தூக்கிப் போடல."

அவள் ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "கெடச்சிருச்சா?"

"தொலையவே இல்ல. எங்கிட்டதான் இருந்துச்சு. பொய் சொன்னேன்." அதற்கு மேல் நிறுத்தினால் சொல்ல வராது என்று பயந்து மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினான். மூன்றாவது தாளில் எழுத்து சின்னதாகியிருந்ததை, அதைப் பார்த்தும் கேலி பேசியதை, ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் இழுத்துச் சரிசமமாக்கியதை, அந்த நடுக்கத்தைத் தூக்கிக் காட்டியதை. துள்ளல் எங்கிருந்து வந்தது என்பதை. "உனக்கு வந்திருக்கறது எங்கிட்ட ரெண்டு வருஷம் முன்னாடியே எழுதி வந்துருச்சுக்கா. நான்தான் அழிச்சேன்."

மிஷின் நின்றது. அக்கா ஊசிக்கடியில் இருந்து துணியை எடுக்கவில்லை. வாடிக்கையாளர் ஒருத்தி வாசல்வரை வந்தாள். "அப்புறம் வாங்க" என்று அக்கா தலையைத் திருப்பாமல் சொன்னாள்.

"நான் அன்னிக்கே சொன்னேனேடா" என்றாள் கடைசியில். "தாளை மிச்சம் புடிக்கிறியான்னு கேட்ட. கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுடான்னு சொன்னேன். நீ சிரிச்ச. நீ சிரிச்சதால நானும் சிரிச்சேன்."

அவனுக்கு இப்போது நினைவு வந்தது. அவள் குரலோடு வந்தது.

"ரெண்டு தடவை கண்ணாடி மாத்த வெச்சியே. அந்த மனுஷன் வாசல்ல நின்னு கத்தினப்ப நீ மாடியிலதான இருந்த? நான் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. தப்பு எம்மேலதான்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் என் கையை நானே திட்டிக்கிட்டுக் கெடந்தேன். நீ எழுத்துக்காரன். ஊர்ல எவன் எழுத்துல எது கோணினாலும் சொல்லுவ. என் எழுத்தைச் சொல்ல உனக்கு வாய் வரலையா?"

"மன்னிச்சிருக்கா."

"மன்னிப்பெல்லாம் கெடக்கட்டும்." அவள் கண் கலங்கவில்லை. அவன்தான் குழந்தைபோல மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். அவள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல எழுந்து, துணி வெட்டும் பெரிய மேசையில் கிடந்த திரைச்சீலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "அதை இங்க விரி. வரிசையா."

அவன் மூன்று தாளையும் விரித்து, சுருளாமல் இருக்க மூலைகளில் நூல்கண்டுகளை வைத்தான். அக்கா குனிந்து பார்த்தாள். முதல் தாளை ஒரு பார்வை, இரண்டாவதை ஒரு பார்வை. மூன்றாவதன் மேல் குனிந்தபடி வெகுநேரம் நின்றாள். மூலையில் இருந்த தேதியைப் படித்தாள். "கோட்டு கிழிஞ்சது இதுக்கு நாலு மாசம் கழிச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். உள்ளங்கையால் தாளை ஒருமுறை நீவிவிட்டாள். தன் கையை இத்தனை நாள் திட்டியதற்கு அந்தத் தாளிடம் ஏதோ சொல்வதுபோல இருந்தது அது. பிறகு கழுத்தில் இருந்த அளவு நாடாவை உருவி, சென்டிமீட்டர் பக்கமாகத் திருப்பினாள்.

"நோட்டும் பேனாவும் எடு. சொல்லச் சொல்ல எழுது. டாக்டர் அளவு கேட்டாரில்ல?"

அவன் அளவு நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினான். அக்கா நாடாவின் நுனியை முதல் தாளின் முதல் எழுத்தின் தலையில் வைத்தாள். வலது கை நடுங்கியது, நாடா எழுத்தின் மேல் நிற்காமல் ஆடியது. அவன் அதைப் பிடிக்கக் கையை நீட்டினான். "நீ எழுது" என்றாள். இடது கையால் வலது மணிக்கட்டை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நாடா நின்றது. தோள், மார்பு, இடுப்பு என்று முப்பது வருடம் கூப்பிட்டுச் சொன்ன அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

"பதினஞ்சு மில்லி. பதினஞ்சு. பதினாலரை."

அவன் எழுதினான். வரிக்கு முதலும் கடைசியுமாக இரண்டு எழுத்து. இரண்டாவது தாள் பாதியைத் தாண்டியதும் பத்து வந்தது, ஒன்பது வந்தது. அவள் நிறுத்தவில்லை. மூன்றாவது தாளின் அடிவரிசைக்கு வந்தபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முகத்தைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ஆறு. ஆறு. அஞ்சரை."

அவன் பேனா ஒரு கணம் நின்றது. அரையைக் கூட்டி 'ஆறு' என்று போட்டான்.

அக்கா நாடாவில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள், "அஞ்சரைடா."

அவன் ஆறை அடித்துவிட்டு அதன் பக்கத்தில் ஐந்தரை என்று எழுதினான். அவள் மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாடாவின் நுனியைக் கடைசி எழுத்தின் தலைக்கு மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தாள்.